கோணாமலை பின்னிய கரடி

ஆரையம்பதி
தாது வருஷம், புரட்டாதி மாதம்

சிரம்பானில் ரயில் கந்தோரைத் தனியொருவனாய்த் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் என் அன்பு மகன் வினாயகமூர்த்திக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் எல்லோரும் இங்கு சுகம். சுகமில்லாதவர்களும் சுகமென்றே எழுதச் சொல்லுகிறார்கள், ஆகையால் குறையொன்றுமில்லை. நீயும் அங்கு நோய்நொடியில்லாமல் இருக்க மாமாங்கத்துச் சாமியை நாளும் கும்பிடுகிறேன், ஆனால் கிழமைக்கொருமுறை தலைக்கு எண்ணெய் வைத்து முழுகு என்பதை அவரிடம் சொல்லிப் பயனில்லை, உன்னிடந்தான் சொல்லவேண்டும். உன் கடிதமும் படமும் கிடைத்தன. படத்தில் தொப்பி நன்றாய் விழுந்திருக்கிறது. தொப்பிக்குக் கீழே இருப்பது நீதான் என்று உன் அப்பா சத்தியம் பண்ணினார், நானும் நம்பிவிட்டேன். கடிதத்தில் மலாய் நாட்டு மழையைப் பற்றி ஒரு பக்கம், சாப்பாட்டுக் கடைக் குழம்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அடியில் கொஞ்சம் கடுதாசி மிஞ்சியதே என்று, மச்சானைக் கரடி கடித்ததாமே இப்போது எப்படி என்று ஒரு வரி கேட்டிருக்கிறாய். கடிக்கவில்லை மகன், கீறியது. அவ்வளவு தூரத்தில் இருப்பவனுக்குக் கடியும் கீறலும் ஒன்றுதான். ஒரு வரியில் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் எழுதலாம்தான், ஆனால் எனக்கு உன்னைப்போலக் கந்தோர் வேலையா இருக்கிறது, நெல் அவிக்கிறது, குத்துகிறது, ஆக்குகிறது, கழுவுகிறது இவ்வளவுதானே, ஆகையால் நேரம் கொட்டிக் கிடக்கிறது. நடந்தது முழுவதையும் எழுதுகிறேன், கந்தோரில் உனக்கு ஓய்வு கிடைக்கும்போது வாசி.

ஆனி மாதம் வாவிக்கு அக்கரையில் படுவான்கரைக் காட்டில் பாலைப்பழம் பழுத்துச் சொரியும் காலம். உன் தங்கை நேசம்மாவின் மகள் சின்னத்தங்கம், நீ கப்பலேறும்போது தொட்டிலில் கிடந்தவள், இப்போது அவளுக்கு நாலு வயது, இந்த வளவை அதிகாரம் பண்ணுகிற விதானையார் அவள்தான். அவள் தகப்பனிடம் பாலைப்பழம் வேண்டுமென்றாள். உன் மச்சான் கோணாமலையைத் தெரியுந்தானே, மகள் கேட்டால் வானத்துச் சந்திரனையும் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்கிற மனிதர். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் நம்முடைய வட்டையில் வேலி பார்க்கப் போனவர், வயலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கி ஒரு பாலைமரத்தில் ஏறியிருக்கிறார். அந்த மரத்தில் முன்னமே ஆள் இருந்தது. மரத்தில் ஏறுமுன் ஒருமுறை அண்ணாந்து பார்க்கவேண்டும் என்பதைப் படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவருக்கு நாம் சொல்லிக் கொடுக்கலாமா, அது மரியாதையாகுமா. கரடி வயிறு நிறையத் தின்றுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது, இவர் மடி நிறையப் பறித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார், நடுமரத்தில் இருவரும் சந்தித்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்தார்கள். கரடி எழும்பித் தன்பாட்டில் போய்விட்டது, இவரால் எழும்ப முடியவில்லை. இடப்பக்க முகம் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் உழுத நிலம் போலக் கிழிந்திருந்தது. கூடப் போனவர்கள் சாரத்தைக் கிழித்துத் தலையைக் கட்டி, மண்முனைத் துறையால் தோணியில் கடத்திப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண் தப்பியது, அது கண்ணகை அம்மன் இட்ட பிச்சை. டாக்குத்தர் பொறுமைசாலி, இருந்து தைத்தார். தையலில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை, துணிதான் மிச்சமில்லாமல் கிழிந்திருந்தது. நினைவு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, மடியில் இருந்த பழம் பிள்ளைக்குக் குடுத்தாச்சா என்பது. பழம் இரத்தத்தில் ஊறிப்போய்க் கிடந்தது, அதை நேசம்மா வாவியில் போட்டுவிட்டாள், அவரிடம் ஓம் குடுத்தாச்சு என்று சொன்னாள்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் பிள்ளைக்கு உண்மையை எப்படிச் சொல்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் உன் ஆச்சிப்பிள்ளை மாமி வந்து, மகள், உங்கட அப்பாவக் கரடி புடிச்சிட்டு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுப் போய்விட்டார். உன் அப்பாவுக்குத் தமக்கையாய்ப் பிறந்தவருக்கு உபகாரம் செய்வதென்றால் அவ்வளவு விருப்பம். பிள்ளை அழவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை, எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். கட்டவிழ்த்து அனுப்பிய அன்று வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் படலைக்கு ஓடினாள். கோணாமலை வண்டியிலிருந்து இறங்கி இரண்டு கையையும் நீட்டினார். தையல் போட்ட பக்கம் வீங்கிக் கறுத்து, கண்ணிமை தொங்கி, வாய் ஒரு கடைக்கு இழுபட்டுக் கிடந்தது. பிள்ளை நின்று பார்த்தாள். பிறகு அவள் கத்தின கத்து ஆரையம்பதி முழுக்கக் கேட்டிருக்கும். கரடி வந்திட்டு, அப்பாட சாரத்தக் கட்டிட்டுக் கரடி வந்திட்டு என்று கத்திக்கொண்டு ஓடி நெற்பெட்டிக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். நீட்டின கையை மெதுவாய் மடக்கிக்கொண்டு நேசம்மாவிடம், பிள்ள பயந்திட்டு, நான் பின்பக்கத்தால வாறன் என்று சொல்லிவிட்டு, கட்டின பெண்டாட்டியின் வீட்டுக்குத் திருடன் போல வேலியைச் சுற்றி வந்தார்.

அன்றைக்குப் பிறகு அவருடைய சீவியம் பின்வளவில் வலை போடுகிற கொட்டிலில்தான். வீட்டுக்குள் வந்தால் துவாயால் தலையை மூடிக்கொண்டு வருவார், பிள்ளை நித்திரையான பிறகு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அவளோ பகலெல்லாம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, கரடி அப்பாவ முழுசாத் திண்டிட்டா, கொஞ்சம் மிச்சம் இருக்கா, அப்பா எப்ப வருவார் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். கொட்டிலுக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு ஓலைச் சுவர்தான். அந்தக் கேள்வியெல்லாம் அங்கே கேட்கும்.

ஊர்ப் பரிவுக்கு ஒரு குறைவுமில்லை மகன். ஒருவர் நூல் கட்டச் சொன்னார், ஒருவர் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டு முகத்தை வலுக்கட்டாயமாய்க் காட்டு, இரண்டு நாள் கத்தினால் மூன்றாம் நாள் பழகிவிடும் என்றார், மாட்டைப் பழக்கி அனுபவப்பட்டவர், அவரை ஏன் குறை சொல்வான். ஆனால் எல்லோருக்கும் மேலான புத்தி ஆச்சிப்பிள்ளை மாமியிடந்தான் இருந்தது. முற்றத்தில் இருந்து வெற்றிலை போட்டபடி, கொட்டிலுக்குக் கேட்கட்டும் என்றே, அவர் தாய் வீட்ட போய் இருக்கட்டும், பிள்ள வளந்து அறிவு வந்தாப் பொறகு வரட்டும், பொம்புளப் புள்ள பயத்தில வளரப்படாது என்றார். இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளையின் பாய் பெண் வீட்டைவிட்டு வெளியே போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை. இன்றைக்குப் பாய் போகும், நாளைக்குச் சனம் ஒரு மாதிரிக் கதைக்கும், அடுத்த வருஷம் ஆச்சிப்பிள்ளை மாமியே வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு வருவார். உன் அப்பா வழக்கம்போலக் கருத்து ஒன்றும் சொல்லவில்லை, சுருட்டுத்தான் பிடித்தார்.

மறுநாள் விடியக்காலை நான் முற்றம் கூட்டிக்கொண்டிருக்கிறேன், கோணாமலை பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருகிறார். நேசம்மா கதவடியில் நிற்கிறாள், வாயில் ஒரு சொல்லில்லை, அவள் உன் அப்பாவுக்குப் பிறந்தவள். மருமகனோடு நேருக்கு நேர் நின்று கதைக்கிற வழக்கம் எனக்கில்லை என்று உனக்குத் தெரியும், கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். படலையடியில் ஆடு கட்டியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. நான் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு ஆட்டைப் பார்த்து, இஞ்ச கேள், பாயச் சுருட்டத் தெரிஞ்ச ஆக்களுக்கு அத விரிக்கவும் தெரியணும், பிள்ள நாளைக்கும் அப்பா எங்க எண்டு கேக்கும், அவர் பயந்து ஓடிட்டார் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது, சொல்றதெண்டா அவரே நிண்டு சொல்லிட்டுப் போகட்டும் என்றேன். ஆடு குழை தின்றுகொண்டிருந்தது. கோணாமலையும் ஆட்டைப் பார்த்து, ஓம் என்றார். திரும்பிப் போய்ப் பாயை விரித்தார். அந்த ஆட்டைப் போல அடக்கமான சாட்சி எந்தக் கோட்டுக் கச்சேரியிலும் கிடைக்காது.

பாய் திரும்பிவிட்டது, ஆனால் மனிதர் அதில் சும்மா கிடந்தார். புண் ஆறுகிற தினவு, கை ஓயாமல் முகத்துக்குப் போகும், சொறியக்கூடாது என்பது டாக்குத்தர் கட்டளை. நேசம்மா பட்டணத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் துணி ஓரத்துக்கு நூல் றேந்தை பின்னப் படித்தவள் அல்லவா, அந்தப் படிப்புக்கு இதுவரைக்கும் கண்ட பலன் என் தலகணி உறைகளைச் சுற்றி நாலு விரல் றேந்தை. அவள் ஒருநாள் கொக்கி வைத்த றேந்தை ஊசியையும் நூல் பந்தையும் அவர் கையில் கொடுத்து, சும்மா இருந்தாக் கை முகத்துக்குப் போகுது, இதப் புடிங்க, இதில மாட்டி இதுக்குள்ளால இழுங்க என்றாள். வலை பின்னுகிற கை, அதற்கு ஊசி பிடிபடுமா. முதலில் அவர் பின்னியதை விரித்துப் பார்த்தால் இறால் பிடிக்கலாம் போல இருந்தது. ஆச்சிப்பிள்ளை மாமி அதைக் கண்டு விரலை மூக்கில் வைத்து, ஆம்புள றேந்தை பின்றதா, ஆரும் கண்டாச் சிரிக்க மாட்டாங்களா என்றார். வலை பின்னினால் ஆம்பிளை, றேந்தை பின்னினால் பொம்பிளை, இரண்டும் ஓட்டைதானே மச்சாள், பெரிசு சிறிசுதானே வித்தியாசம் என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு நாலு நாள் மாமி இந்தப் பக்கம் வரவில்லை, வீடு நன்றாய்த்தான் இருந்தது.

ஒரு பின்னேரம் கோணாமலை நேசம்மாவிடம், சின்னத்தங்கம் எப்பவாச்சும் கரடியக் கண்டிருக்காளா என்று கேட்டார். அவள் எங்க காண்றது என்றாள் நேசம்மா. அதுதான், கரடி எண்டா என்னெண்டு அவளுக்குத் தெரியா, தெரியாத வரைக்கும் நான்தான் அவளுக்குக் கரடி, அவளுக்கு நான் ஒரு கரடியக் காட்டணும் என்றார். எனக்கு இது ஓலைச் சுவரால் கேட்டது. கீறல் நெற்றியோடு நிற்கவில்லை, உள்ளுக்கும் போய்விட்டது, இனி இவர் காட்டுக்குப் போய் இரண்டாவது கரடியையும் பார்த்துவிட்டுத்தான் வருவார் என்று நான் பயந்துபோனேன். அவர் போகவில்லை. றேந்தை ஊசியைக் கையில் எடுத்தார்.

கரடிக்குக் கறுப்பு நூல் வேண்டுமே. காத்தான்குடியிலிருந்து புடைவை மூட்டையோடு வருகிற ஆதம்பாவாக் காக்காவிடம் நேசம்மா சொல்லிவைத்தாள். அவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, றேந்தைக்குக் கறுப்பு நூல் கேட்ட ஊடு இதுதான் தங்கச்சி, ஆரும் மவுத்தா என்று சாவு விசாரிக்கிறவர் போலக் கேட்டார். நடந்ததைச் சொன்னதும் மனிதர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கொட்டிலுக்குப் போய்க் கோணாமலையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார். பின்னல் என்றால் சும்மா இல்லை மகன், உன் கந்தோர்க் கணக்கைவிடக் கஷ்டம். சின்ன வளையமாய்த் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வரவேண்டும், கண் கூட்டினால் விரியும், குறைத்தால் கூம்பும். முதல் தலைக்கு இவர் கூட்டவேயில்லை, புட்டுக்குழல் போல நீண்டு வந்தது. இரண்டாவது தலைக்குக் கூட்டிக்கொண்டே போனார், அது விரிந்து ஒரு தொப்பியாயிற்று, உன் படத்திலுள்ள தொப்பிக்கு ஒன்றும் குறைந்ததில்லை, இப்போது அதில் கோழி முட்டையிடுகிறது. அவிழ்த்துப் பின்னி, பின்னி அவிழ்த்து ஒரு தலை உருட்சியாய் வந்தது. வயிற்றுக்கு வரும்போது கறுப்பு நூல் முடிந்துவிட்டது. தறிக்காரரிடமும் இல்லையென்று ஆதம்பாவாக் காக்கா சிவப்பு நூலைக் கொண்டுவந்து, கறுப்பு இல்ல, இதான் இருக்கி, கரடி என்ன கண்ணாடியா பாக்கப் போகுது என்றார். ஆகையால் எங்கள் கரடி இடுப்புக்கு மேல் கறுப்பு, இடுப்புக்குக் கீழ் சிவப்பு, சாரம் கட்டின கரடி.

அடைக்கிறதற்கு இலவம்பஞ்சு. கொஞ்ச நாளாய் என் தலகணி மெலிந்துகொண்டே வந்தது, வயது போகப்போகத் தலை பாரமாகிறது, அறிவு கூடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் பார்த்தேன், என்னுடைய பஞ்சு கரடியின் வயிற்றில் இருக்கிறது. கண்ணுக்கு உன் அப்பாவின் கறுத்தக் கோட்டைப் பூட்டுகிற தெறி இரண்டு போய்விட்டது, கோயில் கூட்டத்துக்கு அவர் கோட்டைக் கையால் பிடித்துக்கொண்டு போய்வந்தார், வணக்கம் சொன்னால் திறந்துவிடும் என்று ஒருவருக்கும் வணக்கமும் சொல்லவில்லை. நகத்துக்குக் கெளிற்று மீன் முள் வைக்கப்போகிறேன் என்று மருமகன் நின்றார், ஒரு கீறல் போதாதா என்று நேசம்மா முள்ளைப் பறித்து எறிந்துவிட்டு வெள்ளை நூலால் நகம் போட்டாள். முடிந்ததைப் பார்த்துவிட்டு ஆச்சிப்பிள்ளை மாமி பலாப்பழம் என்றார், ஆதம்பாவாக் காக்கா நல்ல எருமைக் கண்டுக்குட்டி என்றார், உன் அப்பா சுருட்டை எடுத்துவிட்டுப் பன்றி என்றார். அவ்வளவு நாளுக்குப் பிறகு அவர் சொன்ன ஒரே கருத்து அதுதான்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நெஞ்சில் வைக்கிற வெள்ளைப் பிறையைப் பின்னுகிற அன்று கோணாமலை ஊசியைக் கீழே வைத்துவிட்டார். கரடிக்கு நெஞ்சில் அப்படி ஒன்று இருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது, அவ்வளவு கிட்ட நின்று பார்த்த பாக்கியம் அவருக்குத்தானே கிடைத்தது. அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாய் நேசம்மாவிடம் அதைச் சொன்னார். அது வாயத் திறக்கக்குள்ள பாலைப்பழ மணம் வந்திச்சு நேசம், நான் கத்தின, அதுவும் கத்தின, என்னக் காட்டிலும் அது பயந்திட்டு, அதுட கண்ணில நான் கண்ட என்றார். நேசம்மா நூலைப் பிடித்தபடி இருந்தாள். நான் குசினியில் அரிசி கிளைந்துகொண்டிருந்தேன், அந்த அரிசியை எத்தனை தரம் கிளைந்தேன் என்று தெரியாது, அன்றைக்குச் சோற்றில் ருசியே இல்லை.

பிறகு ஒரு பின்னேரம் கோணாமலை மாமரத்தடியில் பாய் போட்டு இருந்தார். துவாயைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டார். கரடியைத் தனக்கு எட்டாத தூரத்தில் மணலில் இருத்தியிருந்தார். நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன், வந்தவள் அவரைக் கண்டு என் பின்னால் போய்விட்டாள். ஆனால் கண் மட்டும் மணலில் இருந்ததைப் பார்த்தது. அது என்ன என்று என்னிடம் கேட்டாள். அவர்தான் இருந்த இடத்திலிருந்து, அதுதான் மகள் கரடி என்றார். பிள்ளை யோசித்தாள். கரடி கதைக்குமா என்று என்னைக் கேட்டாள். என்னட்டக் கேட்டா எனக்கென்ன தெரியும், கரடிட்டக் கேள் என்றேன். அவள் மெல்லப் போய்க் கரடியின் முன்னால் குந்திக்கொண்டு, நீ கதைப்பியா என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள், பாவம், நல்ல மரியாதையாய்க் காத்திருந்தாள். அது கதைக்கல்ல என்றாள். ஓம், கரடி கதைக்காது என்றார் அவர். நீங்க கதைக்கிறீங்க என்றாள். ஓம் மகள், நான் கதைக்கிறன் என்றார். அவள் கரடியைக் காதில் பிடித்து இழுத்துக்கொண்டு அவர்கிட்டப் போனாள், பாய் விளிம்பில் நின்றாள், கரடியின் முகத்தை இந்தப் பக்கம் ஒருதரம் அந்தப் பக்கம் ஒருதரம் திருப்பிப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். இதுக்குக் கீறல் இல்ல என்றாள். விரலை நீட்டி அவர் நெற்றியில் தொடங்கித் தாடை வரைக்கும் தழும்பின் வழியே இழுத்துக்கொண்டு வந்து, நோகுதா என்று கேட்டாள். இப்ப நோகல்ல என்றார். அவள் இன்னும் கொஞ்சம் யோசித்து, நீங்க அதுட பழத்த எடுத்தீங்களா என்றாள். ஓம் என்றார். கேக்காமலா என்றாள். கோணாமலை சிரித்தார் மகன். வாய் ஒரு பக்கத்துக்குத்தான் போகும், அந்த ஒரு பக்கத்தால் அவர் சிரித்த சிரிப்பில் கண்ணீர் மற்றப் பக்கத்தால் வந்தது. பிள்ளை கரடியை அவர் மடியில் இருத்திவிட்டுத் தானும் ஏறி இருந்தாள். எனக்கு ஆட்டுக்குக் குழை வெட்டவேண்டியிருந்தது, போய்விட்டேன்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடக்கிற அநியாயத்தைக் கேள். கரடிக்குப் பாய் தனி, தலகணி தனி, எனக்குத்தான் தலகணி இல்லை. சாப்பாட்டுக்கு இருந்தால் கரடிக்கும் ஒரு பிடி வைக்கவேண்டும், உறைப்பு அதற்குப் பிடியாதாம். விடிந்தால் கோணாமலை அதனிடம் பழம் எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும், நாள்தோறும் கேட்கிறார், அது இன்னும் மன்னித்தபாடில்லை. ஆச்சிப்பிள்ளை மாமி, ஆம்பிளை றேந்தை பின்னலாமா என்றவர், போன கிழமை வந்து தன் பேரனுக்கு ஒரு ஆனை பின்னித் தரக் கேட்டார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு, நான் ஆனைய அவ்வளவு கிட்ட நிண்டு பாக்கல்ல மாமி என்றார். மாமிக்கு அது பகிடியா மெய்யா என்று விளங்கவில்லை. எனக்கும் இந்த மருமகன் பகிடி விடுவார் என்பது கலியாணத்துக்குப் பிறகு இப்போதுதான் தெரியும்.

ஆவணியில் கொக்கட்டிச்சோலைத் தேர். போகலாமா வேண்டாமா என்று அவருக்கு ஒரே யோசனை, வீட்டில் துவாய் விழுந்துவிட்டது, ஊருக்குள் இன்னும் விழவில்லை. கடைசியில் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டுதான் தோணியேறினார். மண்முனையில் அக்கரை இறங்கினால் சனமோ சனம், அவரோடு சின்ன வயதில் மாடு மேய்த்தவர்கள், தோணி வலித்தவர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். கோணாமலை என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தவர்கள் கிட்ட வந்ததும் குனிந்து மண்ணைப் பார்த்தார்கள். நல்ல மனிதர்கள், மரியாதை தெரிந்தவர்கள், நோகப் பார்க்கக்கூடாது என்று பார்க்காமல் நோகப்பண்ணினார்கள். அவர் தோளில் சின்னத்தங்கம் இருக்கிறாள், அவள் கையில் கரடி. ஒரு பெண்பிள்ளை என்ன கதைப்பதென்று தெரியாமல் பிள்ளையைப் பார்த்து, ஆரு புள்ள இது என்று கரடியைக் காட்டிக் கேட்டாள். சின்னத்தங்கம் தகப்பனின் துவாயை இழுத்து எறிந்துவிட்டு, அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து அந்தப் பெண்ணுக்கு நேராய்த் திருப்பி, இது எங்கட அப்பா, இதுதான் கரடி, நல்லாப் பாருங்க, மாறிப்போகும் என்றாள். துறையிலிருந்து தேரடி வரைக்கும் கண்டவர் எல்லோருக்கும் அதே பாடம். நான் பின்னால் துவாயைப் பொறுக்கிக்கொண்டு நடந்தேன். வடம் பிடித்து இழுத்துவிட்டு வந்து வேர்வை துடைக்க அவர் அதைக் கேட்டார், ஆட்டைத் தேட அங்கே நேரமில்லை, இந்தாங்க மருமகன் என்று நானே கையில் கொடுத்தேன். உடம்பைத் துடைத்துவிட்டு இடுப்பில் கட்டிக்கொண்டார்.

இவ்வளவுதான் உன் ஒரு வரிக் கேள்விக்குப் பதில். இப்போது முதல் மழை பார்த்து விதைக்க வட்டைக்குப் போயிருக்கிறார், காட்டுக்குள் இறங்கமாட்டேன் என்று நேசம்மாவுக்குச் சத்தியம் பண்ணிவிட்டு. நேசம்மா சுகம், தை மாதத்தில் இன்னொரு விதானையாரோ விதானைச்சியோ வரவிருக்கிறது, அது கரடிக்குப் பயப்படாது என்று நினைக்கிறோம். நீ அங்கே கடைக் குழம்பைக் குறை சொல்லிக்கொண்டு எத்தனை வருஷம் இருக்கப்போகிறாய், உனக்கொரு பெண் பார்க்கட்டுமா என்று கேட்டால் மழையைப் பற்றி எழுதுகிறாய். முந்தின கடிதத்தில் சித்திரைக்கு லீவு கிடைக்கும் என்று எழுதியிருந்தாய், கிடைத்தால் வா. வரும்போது சேலை, சீனத்துப் பீங்கான் என்று ஒன்றும் சுமக்கவேண்டாம், சளி பிடிக்காமல் உடம்பைப் பார்த்துக்கொண்டு வந்தால் போதும்.

கடைசியாய் ஒன்று, இதில் பகிடி இல்லை. நீ வந்து இறங்கும்போது மச்சான்தான் உன் பெட்டியை வாங்கப் படலைக்கு வருவார். அவருடைய முகத்தைப் பார். நேராய்ப் பார், சுகமா என்று கேள், நிலத்தைப் பார்க்காதே. நீ பார்க்காவிட்டால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், நேசம்மாவும் வாய் திறக்கமாட்டாள், உன் அப்பா சுருட்டுப் பிடிப்பார். சின்னத்தங்கம் சும்மா விடமாட்டாள். அவளிடம் நீ பேச்சு வாங்கினால் அம்மா உனக்காக ஒரு சொல்லும் சொல்லமாட்டேன் என்பதை இப்போதே எழுதி வைக்கிறேன்.

கண்ணகை அம்மன் துணையிருப்பாள், நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும் இரு மகன், முன்னதை அம்மனிடம் கேட்டிருக்கிறேன், பின்னதற்கு நீயும் கொஞ்சம் முயற்சி செய்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
அன்னப்பூரணி